சென்னையில் டிசைன் பார்க்க ஒன்றரை நாள், எந்தப் பக்கம் போகலாம்?

தறிச்சத்தம் (கரூர்):

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன், ஆறு வருடம் ஆகிறது. பெட்ஷீட், திரைச்சீலை, சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, இவ்வளவுதான் என் உலகம். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு வெளிநாட்டு பையரை, அதாவது எங்களிடம் துணி வாங்குகிறவரை, பார்க்க மேலாளரோடு சென்னை வருகிறேன். வேலை அன்றைக்கே முடிந்துவிடும். அவர் இரவே கிளம்பிவிடுவார், நான் மட்டும் வேளச்சேரியில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு வெள்ளி முழுவதும், சனி சாயங்காலம் ரயில் ஏறும் வரைக்கும் ஊரைப் பார்க்கலாம் என்று லீவு போட்டிருக்கிறேன்.

போன தடவை வந்த ஒரு பையர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவர் ஊரில் டிசைனுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறதாம். ஸ்டுடியோ, பட்டறை, கடை, கண்காட்சிக் கூடம் எல்லாம் அடுத்தடுத்த தெருக்களில், ஒரு நாள் நடந்தால் போதும், மனசு நிறைந்துவிடும் என்றார். சென்னையில் அப்படி ஓர் இடம் உண்டா? இணையத்தில் தேடினால் சோபா ஷோரூமும் காபி ஷாப்பும்தான் வருகிறது. எனக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பொருளை யாரோ யோசித்துச் செய்கிறார்கள் இல்லையா, அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், இரண்டு வருடமாக நான் போடும் டிசைன் எல்லாமே சாம்பல், சந்தனம், அழுக்கு வெள்ளைதான். பையர் கேட்கிறார், நானும் போடுகிறேன். போன மாதம் என் தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனோம், இந்தச் சேலை உடலுக்கு எந்தக் கரை நல்லா இருக்கும் அக்கா என்று அவள் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் பாட்டி தறியில் உட்கார்ந்தவர். அவர் பேத்திக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து அது மனசில் கிடக்கிறது.

தனியாக வருகிறேன், பஸ், ரயில் எதுவானாலும் சரி, நன்றாக நடப்பேன். சொல்லுங்கள்.

திருவான்மியூர்வாசி:

தோழி, டிசைன் ஏரியா என்று போர்டு மாட்டிய பகுதி எதுவும் சென்னையில் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது நிறத்தைப் பற்றி. அதற்கு எங்கள் திருவான்மியூரைத்தான் சொல்வேன். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் மூன்றாவது நிறுத்தம், கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

கலாக்ஷேத்ரா என்றதும் எல்லோருக்கும் பரதநாட்டியம் மட்டும்தான் நினைவுக்கு வரும். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அதைத் தொடங்கி, அடுத்த வருடமே தறியும் போட்டுவிட்டார். பழைய சேலைகளின் கரையையும் நிறத்தையும் எடுத்துத் திரும்ப நெய்ய வைத்தார். கலாக்ஷேத்ரா சேலை என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது, அகலமான கரை, உடலுக்கு நேரெதிரான நிறம், ஜரிகையின் பளபளப்பை நம்பாமல் நிறத்தாலேயே நிற்கும். கைவினைப் பிரிவில் இன்றைக்கும் தறி ஓடுகிறது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் கோர்வை வேலையில் மூன்று நாடா ஓடுவதும், இரண்டாவது ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பவர்லூம் ஊரிலிருந்து வருகிறவர் அதைக் கால் மணி நேரம் சும்மா நின்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

அங்கேயே துணியில் கையால் சித்திரம் வரையும் கலம்காரிப் பிரிவும் உண்டு. அதை அவசரப்படாமல் பாருங்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள், அப்போது துணி லேசான மஞ்சளில் இருக்கும். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு எடுத்த சாறு. மூங்கில் குச்சி முனையில் நூலோ கம்பளியோ சுற்றியிருக்கும், அதுதான் பேனா. அந்தச் சாறு கடுக்காய்த் துணியில் பட்டதும் நம் கண் முன்னாலேயே கறுக்கும். சிவப்பு அப்படி வராது. முதலில் படிகாரத்தால் வரைய வேண்டும், அப்புறம் சாயத்தில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நிறம் என்பது மேலே பூசுவதில்லை, துணிக்குள் நடக்கிற ஒரு வேலை என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். வேலை நாளில் போங்கள், முன்னாலேயே போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையை இதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து ஈஞ்சம்பாக்கம், சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து நிலம் வாங்கிக் குடியேறிய இடம். படம் விற்றுச் சாப்பிட முடியாத காலம் அது. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருளும் செய்து விற்ற காசு அவர்களுக்குக் கைகொடுத்தது. துணியில் கைவைத்துத்தான் ஓவியர்கள் தங்களுக்கு வீடு கட்டிக்கொண்டார்கள் என்பதை உங்களிடம் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, வெளியே மரத்தடியில் சிற்பங்கள்.

தட்சிணசித்ரா முட்டுக்காட்டில், இன்னும் தள்ளி. செட்டிநாட்டு வீடு, கேரள வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒரு முழு நாள் கேட்கும் இடம், செவ்வாய் விடுமுறை. இந்தத் தடவை அதையும் சேர்த்தால் எதையுமே பார்த்த மாதிரி இருக்காது.

பேப்பர்க்கடை:

திருவான்மியூர் அம்மா சொன்னது எல்லாம் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் தங்கச்சி, அங்கே எல்லாம் பார்க்கிறவர்களுக்காக ஒழுங்கு செய்து வைத்தது. நிறத்தை ஜனங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் ஜார்ஜ் டவுனுக்குத்தான் வர வேண்டும். அப்பா காலத்திலிருந்து ஆண்டர்சன் தெருவில் எங்களுக்குப் பேப்பர் வியாபாரம். உங்கள் பையர் சொன்ன மாதிரி அடுத்தடுத்த தெரு என்றால் அது எங்கள் ஏரியாதான், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெருவில் பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி, தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் படச் சட்டமும்.

பத்திரிகைக் கடையில் போய் ஓரமாக நில்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பொண்ணு வீட்டுக்காரர்கள் ஒரு பத்துப் பேர் வந்திருப்பார்கள். ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி, தாத்தா மஞ்சளும் சிவப்பும்தான் வேண்டும் என்பார், பொண்ணு தந்த நிறம் கேட்கும், அம்மா வாடாமல்லியில் வந்து நிற்பார். கடைசியில் எல்லோருக்கும் ஒத்து வருகிற மாதிரி ஒன்றைக் கடைப் பையன் எடுத்துப் போடுவான் பாருங்கள், அவன்தான் டிசைனர். அவன் எந்தக் கல்லூரியிலும் படித்தவன் இல்லை. எந்த நிறப் பத்திரிகையாக இருந்தாலும் வீட்டுக்குப் போனதும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். அந்த மஞ்சள் பட்டால் தாளின் நிறம் கெடுமா கெடாதா என்பதையும் சேர்த்துத்தான் அவன் யோசித்திருப்பான். தந்த நிறத் தாளில் அது அழகாக உட்காரும், பளபளா நீலத்தில் அழுக்கு மாதிரி தெரியும்.

எங்களிடம் யாரும் நம்பர் சொல்லிக் கேட்பதில்லை. வெங்காயக் கலர், ராணிக் கலர், கிளிப்பச்சை, அரக்கு என்று பெயர் சொல்லித்தான் கேட்பார்கள்.

சனிக்கிழமை காலையில் வாருங்கள். ஞாயிறு எல்லாம் மூடியிருக்கும், பதினொரு மணிக்கு மேல் கூட்டத்தில் நிற்க முடியாது. மெட்ரோ என்றால் உயர் நீதிமன்றம் நிறுத்தம், பறக்கும் ரயில் என்றால் கடற்கரை நிலையம். பாரி முனையில் இறங்கினால் டேர் ஹவுஸ் கட்டடத்தை நிமிர்ந்து பாருங்கள், ஆர்ட் டெகோ பாணி, முனையில் வளைந்து திரும்புகிற அழகு இருக்கிறதே, ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன், சலிக்கவில்லை. கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், கைவண்டிக்கு வழி விடுங்கள்.

துரைப்பாக்கம்:

கண்ணகி நகர் சுவரோவியங்களையும் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். 2020இல் ஸ்டார்ட் இந்தியா என்ற தெரு ஓவிய அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய படங்களாக வரைந்தார்கள். நிறத்துக்காக என்றால் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒன்று, அது சுற்றுலா இடம் இல்லை. நகரத்துக்குள் கூவக்கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் ஊர். போட்டோ எடுக்கக் கேமராவோடு வருகிறவர்கள் துணி காயப்போட்ட பால்கனியையும் குளிக்கிற குழந்தையையும் சேர்த்து எடுத்துவிட்டுப் போவார்கள், அது எங்களுக்கு வலிக்கும். தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்களோடு போங்கள், டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள், அப்புறம் சுவரைப் பாருங்கள். இல்லையென்றால் இந்திரா நகர் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரைப் பாருங்கள். எச்ஐவி உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பதற்காக வரைந்த முகங்கள், சாலையிலிருந்தே தெரியும். திருவான்மியூருக்கு அடுத்த நிலையம்தான்.

தறிச்சத்தம்:

இவ்வளவு அக்கறையாகப் பதில் வரும் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி வெள்ளி திருவான்மியூர், அண்ணன் சொன்னபடி சனி காலை ஜார்ஜ் டவுன். கண்ணகி நகருக்குத் தெரிந்தவர் யாரும் இல்லாமல் போக மாட்டேன். எழும்பூர் அருங்காட்சியகத்தை வெள்ளிக்கிழமை எங்காவது நடுவில் செருகலாமா?

பழைய வரைபடம்:

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, செருக வேண்டாம். சனிக்கிழமை நேரம் மிஞ்சினால் போங்கள். எதிரே பாந்தியன் சாலையிலேயே கோ ஆப்டெக்ஸ் தலைமையகம், ஒரே இடத்தில் தமிழ்நாட்டுக் கைத்தறி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் துணிக்காரர், அதனால் இந்த ஊரே உங்களுடையது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த மணல் கரையில் இடம் கேட்டு வாங்கினார்கள். துறைமுகமாக்க ஒரு வசதியும் இல்லாத இடம். இந்தப் பக்கம் துணி மலிவாகவும் நன்றாகவும் கிடைத்ததுதான் பெரிய காரணம். அதன் பிறகு நெசவாளர்களைக் குடிவைப்பதற்கென்றே ஊர் ஊராக அமைத்தார்கள். திருவொற்றியூர் பக்கத்துக் காலடிப்பேட்டை, கவர்னர் காலெட் பெயரில் வந்த காலெட் பேட்டை. துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. சிந்தாதிரிப்பேட்டை, சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள். 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்கு ராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்து, நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் தீட்டுபவர், வெளுப்பவர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று அமைத்த பேட்டை. கூவம் மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது, தண்ணீருக்குக் குறைவில்லை. உங்கள் பையர் சொன்ன டிசைன் பகுதி என்பது இதுதானே? கிட்டத்தட்ட முந்நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே போட்டிருக்கிறார்கள். அவர்கள் வசதிக்காக, அவர்கள் லாபத்துக்காகத்தான் போட்டார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

இங்கிருந்து போன கட்டம் போட்ட துணி எங்கே எல்லாம் போனது தெரியுமா? நைஜீரியாவில் நைஜர் கழிமுகத்தில் கலாபாரி என்ற மக்கள், நம் மதராஸ் கட்டத்துணிக்கு இஞ்சிரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிறப்பு, இறப்பு எல்லாச் சடங்குக்கும் அது வேண்டும். நெய்த துணியில் சில இழைகளைக் கத்தியால் வெட்டி உருவி எடுத்து, அதிலிருந்தே புதுச் சித்திரம் வரவைப்பார்கள். நம் நெசவாளி போட்ட கட்டத்தின் மேல் அவர்கள் தங்கள் டிசைனை எழுதிக்கொண்டார்கள்.

இங்கே சொன்ன இடங்களில் பலவும் ஒரே ரயில் பாதையில் வருகின்றன, கவனித்தீர்களா? வேளச்சேரியில் ஏறினால் திருவான்மியூர், இந்திரா நகர், மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, கடைசியில் கடற்கரை நிலையம், அங்கிருந்து பாரி முனை நடை தூரம். சனிக்கிழமை காலை ஏழரை மணி வாக்கில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள். அங்கே இப்போது தறி எதுவும் உங்கள் கண்ணில் படாது. தெருவைப் பாருங்கள்.

தறிச்சத்தம்:

போய்விட்டு வந்து பத்து நாள் ஆகிறது, எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை கலாக்ஷேத்ராவில் ஒரு தறியின் முன்னால் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. எங்கள் கம்பெனியில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேண்டாம் என்று எடுத்துவிடுவேன், கண்ணை அடிக்கும் என்பேன். தறியில் அது அடிக்கவில்லை. ஏன் என்று புரிய நேரம் பிடித்தது. கோர்வை சேரும் இடம் கத்தியால் வெட்டின கோடு மாதிரி இல்லை, மஞ்சளும் அரக்கும் பல்லுப் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று போய்க் கோத்துக்கொண்டிருந்தன. நாங்கள் திரையில் இரண்டு நிறத்துக்கு நடுவில் நேர்க்கோடு போட்டுவிட்டு நிறம் ஒத்துப்போகவில்லை என்கிறோம், அவர்கள் அந்தச் சேரும் இடத்தையே வேலையாக எடுத்துச் செய்கிறார்கள். நெய்கிறவர் எந்த ஊரம்மா என்று கேட்டார், கரூர் என்றேன், அப்போ நம்ம ஆளு என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. பாட்டி ஞாபகம்.

கலம்காரி பற்றி அக்கா எழுதியது அப்படியே. கறுப்பு கறுக்கும் அந்த நொடியை இரண்டு தடவை பார்த்தேன். சோழமண்டலத்தில் மழை வந்துவிட்டது, சிற்பங்களை அவசரமாகத்தான் பார்க்க முடிந்தது.

சனி காலை சிந்தாதிரிப்பேட்டை. பழைய வரைபடம் அண்ணா, தெருவைப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னதன் அர்த்தம் இறங்கி நடந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் பக்கம் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலை, விரித்துக் கஞ்சி போடத் தெரு நீளமாக, நேராக, விடியற்காலை நிழலோடு இருக்க வேண்டும், சின்ன வயதில் பாட்டியோடு அந்தப் பாவின் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறேன். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு தெரு முனையில் நின்று மறு முனையைப் பார்த்தேன், மீன் கூடையும் பைக்கும் நடுவில் அது நேராகப் போய்க்கொண்டே இருந்தது. இங்கே பாவு விரித்திருப்பார்களா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் விரிக்கலாம், அதற்கு ஏற்ற தெரு.

ஆண்டர்சன் தெருவில் ஒன்றரை மணி நேரம். பேப்பர்க்கடை அண்ணா, உங்கள் கடை எது என்று தெரியாமலேயே நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் நீங்கள் சொன்னது அச்சு அசலாக நடந்தது, தாத்தா மட்டும் இல்லை, அத்தை இருந்தார். நோட்டில் நிறப் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். வெங்காயத் தோல், கத்தரிப்பூ, மயில்கழுத்து, வாடாமல்லி, மிளகாய்ப்பழம், ஆனந்தா நீலம், மொத்தம் முப்பத்தி நாலு. ஆறு வருடமாக இவை எல்லாம் எனக்குப் பான்டோன் என்ற நிற அட்டவணையின் நம்பர். நம்பரைப் பார்த்தால் பக்கத்து நம்பர் ஞாபகம் வரும். மயில்கழுத்து என்றால் நீலப் பாவும் பச்சை ஊடையும் (குறுக்கு நூலும்) ஞாபகம் வருகிறது, துணி அசையும்போது மாறும் என்பதும் சேர்ந்து வருகிறது. அருங்காட்சியகத்துக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது, கோ ஆப்டெக்ஸும் அப்படியே நிற்கிறது.

திங்கள்கிழமை வேலைக்குப் போனதும் ஒரு சமையலறைத் துண்டு சாம்பிள் போட்டேன். உடல் அதே சாம்பல், பையர் கேட்டதை மாற்றவில்லை. கரை மட்டும் வாடாமல்லி, சேரும் இடத்தில் இரண்டு அங்குலத்துக்குக் கோர்வைப் பல் மாதிரி கட்டம். மேலாளர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அனுப்பும் பெட்டியில் மற்ற சாம்பிளுக்கு மேலே அதை வைத்தார். பதில் இன்னும் வரவில்லை. தங்கைக்குச் சேலை எடுத்தாகிவிட்டது, மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு.

ஒரு உதவி மட்டும். சிந்தாதிரிப்பேட்டையில் தங்கள் தாத்தா பாட்டி காலத்தில் தறி இருந்தது என்று சொல்லக்கூடிய குடும்பம் யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள். தை மாதம் மறுபடி வருகிறேன், இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன்.

பேப்பர்க்கடை:

தங்கச்சி, எங்கள் கடை மாடியில் இருக்கிறது, அதனால்தான் விட்டுப்போயிருக்கும். தையில் வரும்போது முன்னாடியே சொல்லுங்கள். சிந்தாதிரிப்பேட்டையில் அட்டைப் பெட்டி செய்கிற பெரியவர் ஒருவர் எங்களிடம் பேப்பர் எடுக்கிறார், எண்பது வயசு இருக்கும், அங்கேயே பிறந்தவர். அவரிடம் கேட்டு வைக்கிறேன்.